ரப்பர் அக்கா

அம்மா பதினெட்டு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள். நர்ஸ் உதவியாளர் தேர்வுக்குப் படிக்கச் சேர்ந்தாள். பென்சில் பாதி தேய்வதற்குள் அவளுக்கு ரப்பர் தீர்ந்துவிடும். வகுப்பில் அவள் பெயரே ரப்பர் அக்கா.

மாதிரித் தேர்வில் ஐம்பதுக்குப் பத்தொன்பது. விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அழித்த தடங்களைப் பார்த்தேன். அழிக்காமல் விட்டிருந்தால் நாற்பத்தொன்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதல்ல எழுதினதுதாம்மா சரி. ஏன் அழிச்சே?"

"நான் எழுதினதாச்சே, அது எப்படிடி சரியா இருக்கும்?"

தேர்வன்று காலை அவளுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான் அவள் டப்பாவிலிருந்த ரப்பரை எடுத்து ஒளித்துவைத்தேன். தேர்வு மைய வாசலில் காத்திருந்த இரண்டு மணி நேரமும் ஒரே நினைப்புதான். எச்சில் தொட்டு அழிக்கப்போய்த் தாளைக் கிழித்துவிடுவாளோ?

வெளியே வந்தவள், "பக்கத்துப் பொண்ணுகிட்ட புது ரப்பர் ஒண்ணு வாங்கிட்டேன்" என்றாள்.

அவள் மூடியிருந்த இடது கையைத் திறந்தாள். ரப்பர் வியர்வையில் ஊறிக் கிடந்தது. அதில் ஒரு மூலைகூடத் தேயவில்லை.