பின் வாசல் விளக்கு

இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை. நான் நின்ற இடத்தில், என் கண் முன்னால் நடந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன் நான். பேய், பிசாசு என்ற பேச்சை என் வீட்டில் எடுக்க விடமாட்டேன். அதனால்தான் இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் டொமினிக். மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங் டவுனில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். ஆள் நடந்தால் தானாக எரியும் விளக்குகளை வீடுகளில் பொருத்திக் கொடுப்பதும் என் வேலை. போன வருடம் மழைக்காலத்தில் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அல்போன்ஸ் அங்கிள் கூப்பிட்டார். தேயிலை ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கத்தரீன் ஆண்டிக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. இரண்டு முறை யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டு நடந்து போயிருக்கிறார். தூரத்தில் ஜொகூரில் இருக்கும் மகன் எட்ரியன் பயந்துபோய், வீடு முழுக்க இந்த விளக்குகளை மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

"போன்ல தட்டினா ஜொகூர்லருந்தே இங்க லைட்டு எரியுதாம். நான் கூப்பிட்டா மட்டும் எடுக்க மாட்டறான்," என்று சிரித்தார் அங்கிள்.

சிக்கல் டிவியால் வந்தது. சாயங்காலம் டிவி ஓடும்போதுதான் ஆண்டி அமைதியாக இருப்பார். ஆனால் அவர் கையை அசைத்தாலே ஹால் விளக்கு பளீரென்று எரியும். உடனே டிவி கண்ணாடியில் அவர் உருவமே தெரியும். யாரோ ஒரு கிழவி வீட்டுக்குள் வந்துவிட்டாள் என்று அழுவார்.

"டிவி ஓடறப்ப இந்த லைட்டு சும்மா இருக்கணும் தம்பி. ஆனா அவ வெளிய போனா எனக்குத் தெரியணும்." அங்கிளின் குரல் இறங்கியது. "இன்னொரு தடவ போனா கீழ ஈப்போவுல முதியோர் ஹோம்ல விட்டுருவேன்னு எட்ரியன் சொல்லிட்டான். அவன் மேல தப்பில்ல. அதுக்காக நான் இங்க, அவ அங்கயா?"

வேலையைத் தொடங்கினேன். டிவி ஓடும்போது ஹால் விளக்கு மங்கலாக, அசைவைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி மாற்றினேன். முன் கதவைத் திறந்தால் மட்டும் எல்லா விளக்கும் முழு வெளிச்சத்தில் எரியும். டவுன் வீடுகளில் நான் வழக்கமாகச் செய்வது இதுதான்.

ஏழு மணிக்கு ஜெபமாலை சொன்னோம். பிறகு அங்கிள் டிவியைப் போட்டார். மங்கல் வெளிச்சம் ஆண்டிக்குப் பிடித்துவிட்டது. சால்வையைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கரேன் வந்துட்டாளா?"

"டவுனுக்குப் போயிருக்கா. வந்துருவா."

"இருட்டிருச்சே."

"வந்துருவா லா. நீ டிவியப் பாரு."

கரேன் அவர்கள் மகள், பிரிஞ்சாங்கில் எங்கோ வேலை செய்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிளை அழைத்துக்கொண்டு முன் வாசலுக்குப் போய்க் கதவைச் சோதித்தேன். திறந்தால் எரிந்தது. மூடிச் சற்று நேரத்தில் மங்கியது. சரியாக இருந்தது. உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தோம். டிவியின் நீல வெளிச்சத்தில் நாற்காலி மேல் சால்வை தெரிந்தது. தூங்கிவிட்டார் என்று அங்கிள் சைகை காட்டினார்.

ஏழே முக்கால் இருக்கும்.

சமையலறைக்குப் போகும் வழியில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. பின் வாசலில் தொங்கும் பல்பு. அது சாதாரண பல்பு. அசைவை உணரும் சென்சார் கிடையாது. சுவரில் சுவிட்சைத் தட்டினால்தான் எரியும்.

அணைந்தது.

மறுபடி எரிந்தது.

பின்னால் குழாய் திறக்கும் சத்தம். சிமெண்டுத் தரையில் தண்ணீர்... சள... சள... யாரோ கால் கழுவுவதுபோல.

"யாரு அங்கிள்? கரேனா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து போனேன். சமையலறை இருட்டாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பல்பு எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சில் கை வைத்துப் பார்த்தேன்.

சுவிட்ச் போடப்படவே இல்லை.

தண்ணீர்ச் சத்தம் நின்றது...

பின் கதவு திறந்து கிடந்தது. பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

ஹாலுக்கு ஓடினேன். நாற்காலியிலிருந்த சால்வையைத் தொட்டேன். அது அப்படியே அமுங்கியது. உள்ளே அவர் சாய்ந்திருந்த தலையணை மட்டும்தான்.

தோட்ட வீடுகளில் யாரும் முன் வாசலைப் புழங்குவதில்லை. மலையிலிருந்து சேற்றுக் காலோடு வருகிறவர்கள் பின்பக்கம் கால் கழுவித்தான் உள்ளே வருவார்கள். ஆண்டி வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கப் போய்வந்தது அந்தக் கதவு வழியாகத்தான். நான் காவல் வைத்ததோ முன் கதவுக்கு. அதை நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தபோதே அவர் பின்பக்கமாக இறங்கிப் போயிருக்கிறார்.

டார்ச்சோடு இறங்கினோம். பனியில் இரண்டு செடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"கத்தரீன்..."

கூப்பிட்டபடியே செடிகளுக்கு நடுவே நடந்தோம்.

இடப்பக்கம் திரும்பினோம். பின்னால் பல்பு அணைந்தது.

நின்றோம். வலப்பக்கம் திரும்பினோம்.

எரிந்தது.

அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வலப்பக்கமே போனோம்.

மழையில் சரிவு இடிந்து விழுந்த இடம் அது. விளிம்பில் ஆண்டி நின்றுகொண்டிருந்தார். ஓர் அடி முன்னே வைத்திருந்தால் போயிருப்பார். ஆனால் அவர் இடது கை பின்பக்கமாக நீண்டிருந்தது. விரல்கள் மூடியிருந்தன. யாரோ அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பதைப்போல.

அங்கிள் அவரை அணைத்துப் பின்னால் இழுத்தார்.

"கரேன் வந்துட்டா," என்றார் ஆண்டி. "போகாதம்மானு கையப் புடிச்சிக்கிட்டா."

ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கூட்டிவந்தோம். அங்கிள் பிடித்த வலது கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்ததாம். நான் பிடித்தது இடது கை.

அது சூடாக இருந்தது...

மறுநாள் சாயங்காலம் பின் கதவுக்குச் சென்சார் பொருத்தப் போனேன். முதலில் அந்தப் பல்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கருகி, இழை அறுந்து கிடந்தது.

"அது எரிஞ்சு எத்தனையோ மாசம் ஆச்சு தம்பி," என்றார் அங்கிள். "மாத்தணும்னு நெனச்சு விட்டுட்டேன்."

"அப்ப நேத்து?"

அவர் குழாய்ப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"கரேனுக்கு அப்ப பன்னெண்டு வயசு. காய்ச்சல். கீழ ஈப்போ ஆஸ்பத்திரில வச்சிருந்தோம். வீட்டுக்குப் போலாம்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னு சொன்னா கத்தரீன். அப்புறம்... அந்த வாரம் மழையில ரோடு ரெண்டு பக்கமும் சரிஞ்சு போச்சு. மேல கொண்டார முடியல. கீழயே அடக்கம் பண்ணிட்டோம்."

எங்களில் யார் இறந்தாலும் உடலை ஒரு தரம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஹாலில் வைத்து ஜெபித்துவிட்டுத்தான் கோவிலுக்கும் கல்லறைக்கும் எடுத்துப் போவோம்.

"அவ வீட்டுக்கே வரல தம்பி," என்றார். "கத்தரீன் தெனம் கேப்பா. நானும் வந்துருவான்னு சொல்வேன். பொய்தான். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட சொல்லியிருக்கேன்."

ஒரு தாய் நிம்மதியாகத் தூங்குவதற்காகச் சொன்ன வார்த்தையை ஆண்டவர் பாவத்தின் பக்கம் வைக்கமாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். அதை அவரிடமும் சொன்னேன்.

"இன்னிக்கு அவ கேக்கல," என்றார். "காலைலருந்து ஒரு தடவகூடக் கேக்கல."

புதிய சென்சாரை இணைப்பதற்காக முந்தைய நாள் செய்த அமைப்பை எடுத்துவிட்டு ஹாலுக்குள் நுழைந்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. என் அசைவுக்கு விளக்கு பளீரென்று எரிந்தது.

ஆண்டி அழவில்லை. இன்று நாற்காலியில் இல்லை. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அவர் கை மட்டும் மடிக்குச் சற்று மேலே, காற்றில், எதையோ மெதுவாக வருடிக்கொண்டிருந்தது.

மறு கையின் விரலை உதட்டில் வைத்து என்னைப் பார்த்தார்.

"தம்பி, லைட்டக் கொறச்சிடு லா. புள்ள டிவி பாத்துக்கிட்டே தூங்கிட்டா."

விளக்கைக் குறைத்தேன். டிவியின் சத்தத்தையும் குறைத்தேன்.