நாலாவது சிலிண்டரும் இரண்டு ரீமிக்ஸ்களும்

வெள்ளிக்கிழமைகளில் திருவொற்றியூரில் இரண்டு வகை மனிதர்கள் விடியும் முன்பே எழுந்து குளிப்பார்கள். அம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள் ஒரு வகை. இரண்டாவது வகையில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். உலகத்திலுள்ள ஹவுஸ் இசைக் கம்பெனிகள் தங்கள் புது வெளியீடுகளைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் இறக்குகின்றன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். வயது ஐம்பத்திரண்டு, சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. கடற்கரை நிலையம் போகும் மின்சார ரயிலில் காதில் குமிழை மாட்டிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டபடி போவேன். எதிரே இருப்பவர்கள் பக்திச் சொற்பொழிவு என்று நினைத்து மரியாதையாகக் காலை மடக்கிக்கொள்வார்கள். தலையாட்டல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஹவுஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் சுருக்கமானது. ஒரே மாதிரி அடி, நிமிடத்துக்கு நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து தடவை, ஆறு நிமிடத்துக்கு. அதன்மேல் மற்ற ஓசைகள் மாநகரப் பேருந்தில் ஏறுவதுபோல் ஒவ்வொன்றாக ஏறும், இறங்கும். ரீமிக்ஸ் என்பது ஒருவர் செய்ததைப் பிரித்து இன்னொருவர் கையில் கொடுத்து மறுபடி செய்யச் சொல்வது. நேற்று நாம் வைத்த மீன்குழம்பை இன்று பக்கத்து வீட்டுக்காரி வாங்கிச் சுண்டவைத்துத் திருப்பித் தருவதுபோல. பல சமயம் அவள் சட்டியில் இருப்பதுதான் ருசியாக இருக்கும். அங்கேதான் ஆபத்து.

கேட்பதோடு நின்றிருக்கலாம். பத்து வருடமாக லேப்டாப்பில் நானும் செய்துகொண்டிருந்தேன். என் மனைவி ராயபுரத்துக்காரி, மாதா கோவில் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுபவள். என் முதல் டிராக்கை நாலு நிமிடம் கேட்டுவிட்டு, "ஏங்க, பாட்டு எப்போ வரும்?" என்றாள். நான் அனுப்பிய கம்பெனிகளும் அதையேதான் கேட்டன, இன்னும் நாகரிகமாக.

என் அதிர்ஷ்டம் காசிமேட்டில், ஒரு கோளாறின் வடிவத்தில் இருந்தது. என்னோடு பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவன் அங்கே ஒரு விசைப்படகுக்கு டிரைவர். அவர்கள் பேச்சில் அது 'போட்டு'. டிரைவர்தான் அதன் கேப்டன், மெக்கானிக்கும் அவனே. மார்ச் மாதம் ஒரு நாள் அவனைப் பார்க்கப் போனபோது, அவன் போட்டின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நொண்டிக்கொண்டிருந்தது. நாலாவது சிலிண்டருக்கு டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டுப்போய், ஐந்து அடி விழும், ஆறாவது இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளங்களை இரண்டுக்கு ஒன்றாக எண்ணினேன். சரியாக நிமிடத்துக்கு நூற்றிருபத்தைந்து. ஆயுள் முழுக்க டீசலைத் தவிர எதையும் தொடாத அந்த இன்ஜின் எனக்கு முன்பே ஹவுஸ் இசைக்கு வந்து சேர்ந்திருந்தது.

செல்போனில் எட்டு விநாடி பிடித்தேன். அதைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு ஒரு டிராக் செய்து அனுப்பினேன். ஐரோப்பாவில் ஏதோ குளிர்ந்த ஊரில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி, வெளியிடுகிறோம் என்று பதில் போட்டது. கூடவே பெயர் பெற்ற இரண்டு பேர் அதற்கு ரீமிக்ஸ் செய்வார்கள் என்றும். நான் அன்று ஆபீஸில் ஒரு கன்டெய்னர் மிளகாய் வற்றலைத் தவறான பில்லில் அனுப்பிவிட்டேன். மேனேஜர் கத்தியது ஒன்றும் காதில் ஏறவில்லை.

மே மாதம் ரீமிக்ஸ்கள் வந்தன. பின்னாலேயே ஒரு கடிதம். மிகப் பணிவான கடிதம். ரீமிக்ஸ்கள் இரண்டும் அற்புதமாக அமைந்துவிட்டன, அவற்றின் பக்கத்தில் உங்கள் மூல டிராக் கொஞ்சம் மெலிந்து தெரிகிறது, செல்போன் பதிவல்லவா. அதே இன்ஜினின் அதே அடியை நல்ல மைக்கில் நீளமாகப் பதிந்து, ஜூன் மூன்றாவது திங்கட்கிழமைக்குள் டிராக்கைத் திரும்பச் செய்து அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம். இல்லாவிட்டால் ரீமிக்ஸ்களை மட்டும் வெளியிட்டுவிடலாம் என்று நினைக்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் இருக்காது என்று நம்புகிறோம். கல்யாணத்தில் மாப்பிள்ளை கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறார், போட்டோவில் தோழர்கள் மட்டும் நிற்கட்டும் என்று சொல்வது போல.

ரீமிக்ஸ்களை நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். மீன்பிடித் தடைக்காலம், போட்டுகள் எல்லாம் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டான்.

"மாமு, இவன் நாசில மாத்திட்டான்."

"இது ரீமிக்ஸ்டா."

"இன்னாவோ. நொண்டல் போச்சு பாரு. ஆறும் ஒழுங்கா அடிக்குது." இரண்டாவதைக் கேட்டான். "இவன் இன்ஜினையே மாத்திட்டான். இது போட்டு இல்ல, ஏசி மிஷினு."

பத்து வருடம் படித்து நான் கண்டுபிடிக்காததை அவன் ஒரு டீயில் சொல்லிவிட்டான். இருவரும் பள்ளத்தை நிரப்பியிருந்தார்கள். என் டிராக்கில் இருந்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பள்ளம்தான்.

"அதே மாதிரி திருப்பி ஒரு வாட்டி ரெக்கார்டு பண்ணணும்டா," என்றேன். "நொண்டலோட."

டீக் கிளாஸைக் கீழே வைத்தான். "தடைக்காலத்துல நான் இன்னா பண்ணிகினு கீறேன்னு நினைச்ச? இன்ஜின மொத்தமா பிரிச்சு, ரிங்கு மாத்தி, ஆறு நாசிலும் புதுசு போட்டுகீறேன். பூனை மாதிரி ஓடுது. அத்த திருப்பி கெடுன்றியா?"

"அஞ்சு நிமிஷம்."

"டாக்டராண்ட போயி, ஆபரேசன் பண்ண காலை அஞ்சு நிமிசம் ஒடைச்சு குடுன்னு கேப்பியா நீ?"

எழுந்து போய்விட்டான். டீக்குக் காசு நான் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டான். மன்னிப்பெல்லாம் இல்லை. "யோசிச்சு பாத்தேன் மாமு. நம்ம போட்டோட நோயி நமக்குத்தான் தெரியும். எங்கியோ கீறவன் நம்மள ஒரு வார்த்த கேக்காம இன்னாத்துக்கு மருந்து குடுக்குறான்?" ரீமிக்ஸ் என்ற கலைக்கு எதிராக நான் கேட்ட மிகக் கூர்மையான விமர்சனம் அது.

வழியும் அவனே சொன்னான். எந்த சிலிண்டரில் கோளாறு என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஓடும் இன்ஜினில் நாசிலுக்குப் போகும் டீசல் பைப்பின் நட்டைப் பானாவால், அதாவது ஸ்பேனரால், லேசாகத் தளர்த்தினால், அந்த சிலிண்டர் மட்டும் அடிக்காமல் நிற்கும். இறுக்கினால் திரும்ப அடிக்கும். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே நிபந்தனை, போட்டின் ஓனரம்மாவுக்குத் தெரியக்கூடாது. அந்த அம்மாள் துறைமுக ஏலத்தில் கூவியே பேர் வாங்கியவர்; பிறகுதான் போட்டு வாங்கினார்.

தடைக்காலம் முடிய ஒரு நாள் இருந்தது. மறுநாள் போட்டு கடலுக்குப் போய்விடும், திங்கட்கிழமைக்குள் திரும்பாது. ஆகவே அந்த ஒரு காலை. என் மனைவி பாடகர் குழுவின் இரண்டு நல்ல மைக்குகளைக் கேட்டு வாங்கி வந்தாள். "எதுக்குன்னு ஃபாதர் கேட்டாரு. கடலைப் பத்தின பாட்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். காப்பாத்துங்க."

ஒரு மைக்கை இன்ஜின் அறைக்குள் தொங்கவிட்டேன். இன்னொன்றைப் புகைக்குழாய் பக்கம் தூணில் கட்டினேன். நண்பன் இன்ஜினைக் கிளப்பினான். உண்மையிலேயே பூனைதான். பிறகு குனிந்து நாலாவது நட்டைத் தளர்த்தினான். அடி, அடி, அடி, அடி, அடி, பள்ளம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. வேறு ஊரில் ஒரு இன்ஜின் நொண்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காசிமேட்டில் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது, தும்மினவனை ஆயுசு நூறு என்று வாழ்த்தாமல் விடுவதைப் போல. முதலில் பக்கத்துப் போட்டின் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"நாலாவது நாசில் மாமு."

"நாசில் இல்ல நைனா, பம்பு," என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்.

"பம்புன்னா பொகை வரும். பொகை கீதா?"

"உனுக்கு கண்ணு கீதா?"

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வந்தார்கள். நான் கையைக் காட்டி, வாயில் விரலை வைத்து, எல்லாம் செய்தேன். யாரோ எனக்கு வயிறு சரியில்லை என்று நினைத்து சோடா கொண்டு வந்தார்கள். அப்போதுதான் பூஜைக்கு எலுமிச்சம்பழம், மாலையோடு ஓனரம்மா வந்தார்.

"இன்னாடா ஆச்சு என் போட்டுக்கு?"

ஏலத்தில் ஆயிரம் குரலுக்கு மேலே போன குரல். இரண்டு மைக்கும் அதற்குத் தலை வணங்கின.

நண்பன் பயத்தில் நட்டை இறுக்கினான். இன்ஜின் பூனையானது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, காதைச் சாய்த்தார். சரியாகிவிட்டதோ என்று எல்லோரும் இன்ஜின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். நான் அவனைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, மறுபடி தளர்த்தினான். அடி, அடி, அடி, அடி, அடி, பள்ளம்.

"இன்னாடா ஆச்சு என் போட்டுக்கு? ரெண்டு மாசம் கழட்டி கழட்டி மாட்டுனியே, இன்னாடா ஆச்சு?"

இறுக்கினான். நிறுத்தினார். தளர்த்தினான். தொடங்கினார். ஒவ்வொரு தடவையும் நாசில் கட்சியும் பம்பு கட்சியும் பின்னால் சேர்ந்துகொண்டன. ஆறு நிமிடம் ஓடியது. கடைசியில் அவன் எழுந்து நின்று, பானாவைக் காட்டி உண்மையைச் சொன்னான். அந்த அம்மாள் மாலையை அவன் கையில் திணித்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவன் மாதிரி கீற. நல்லா கீற இன்ஜின நொண்ட வெச்சு கேக்குறியே, உனுக்கு இன்னா பேஜாரு?"

வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டேன். நாசம். இன்ஜின் தெளிவாக விழுந்திருந்தது, ஆனால் அது நொண்டிய ஒரு இடம்கூட மனிதக் குரல் இல்லாமல் பத்து விநாடி தேறவில்லை. சனி மாலை வரை அந்தக் குரல்களை வெட்டி எடுக்கப் பார்த்தேன். வெட்ட வெட்ட இன்ஜினும் கூடவே வந்தது. மூலம் இல்லாத ரீமிக்ஸ்கள் வெளிவரப்போவதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு, மரியாதையான ஒரு சம்மதக் கடிதமும் எழுத ஆரம்பித்தேன். நன்றாகவே வந்தது, தோல்விக் கடிதங்களில் எனக்குப் பயிற்சி உண்டு.

மனைவி நண்டு உடைத்துக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். "அந்த அம்மாவை எதுக்கு வெட்றீங்க?"

"இன்ஜின் மட்டும்தான் வேணும்."

"இன்ஜின் அவங்களுக்குத்தானே ஓடுது. அவங்க நிறுத்துனா அது மாறுது, அது மாறுனா அவங்க ஆரம்பிக்கிறாங்க. எங்க கொயர்ல ரெண்டு வருசம் சொல்லிக் குடுத்தாலும் இப்படி சரியான இடத்துல எடுக்க மாட்டாங்க." நண்டுக் கையால் திரையைக் காட்டினாள். "முழுசா விடுங்க. மேல உங்க சரக்கைக் கொஞ்சமா போடுங்க. கொஞ்சமா."

அடியை நிறுத்திக் கூட்டத்தைக் காக்க வைப்பதும், பிறகு திரும்ப இறக்குவதும்தான் ஹவுஸ் இசையின் உயிர் என்று பத்து வருடமாகக் கட்டுரை கட்டுரையாகப் படித்தவன் நான். என் நண்பன் அதைப் பயத்தில் செய்து முடித்திருந்தான். அவன் செய்த வரிசையை மாற்றாமல், அடியில் ஒரு கனமான ஓசையும் ஓரத்தில் ஒரு சின்ன ஆர்கனும் மட்டும் வைத்து, ஞாயிறு பகலில் அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. இந்த முறை பணிவு குறைந்திருந்தது, நல்ல அடையாளம். மூல டிராக்தான் முதலில் வரும். அதைக் கேட்ட ரீமிக்ஸர்கள் இருவரும் தங்கள் ரீமிக்ஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு, புதுப் பதிவிலிருந்து மறுபடி செய்ய இரண்டு வாரம் அவகாசம் கேட்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பள்ளத்தை யாரும் தொடக்கூடாது என்று கம்பெனியே அவர்களுக்குச் சொல்லிவிட்டதாம். குரலுக்கு உரியவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

காகிதத்தில் கையெழுத்து வாங்குவதுதான் என் தொழில், ஆனாலும் அந்த அம்மாளிடம் அதைத் தலைகீழாக நீட்டினேன்.

"இதுல இன்னா எழுதிகீது?"

"உங்க கொரலை உலகம் பூரா கேக்கலாம்னு எழுதியிருக்கு."

"இப்போ மட்டும் கேக்காம கீறானுங்களா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியான வெள்ளிக்கிழமை நான் ரயிலில் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டுக் காசிமேடு போனேன். போட்டு அன்று விடியலில்தான் திரும்பியிருந்தது. மீன் விற்று முடிந்து தளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாட்டுக் கேட்க அவர்கள் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கரில் மாட்டினேன். செல்போன் திரையில் மூன்று வரிசை: மேலே என்னுடையது, கீழே இரண்டு ரீமிக்ஸ்கள். நண்பன் விரலால் அந்த முதல் வரியைத் தொட்டுப் பார்த்தான். தொட்டதில் பாட்டு நின்றுவிட்டது. மறுபடி போட்டேன்.

ஓனரம்மா கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்து மூன்றையும் முழுதாகக் கேட்டார். பதினெட்டு நிமிடம். நடுவில் ஒரே ஒரு கேள்வி: "என் கொரல ஏன்டா துண்டு துண்டா வெட்டி போட்டுகீறான், வஞ்சிரம் மாதிரி?" அது இரண்டாவது ரீமிக்ஸ்.

முடிந்ததும் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். நண்பன் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் என் செருப்பில் ஓடிக்கொண்டிருந்தது. காலை எடுக்கத் தோன்றவில்லை.

"அவனுங்களும் நல்லாத்தான் பண்ணிகீறானுங்க," என்றார். "ஆனா அது ரெண்டும் பாட்டு. நம்மளுது போட்டு." பிறகு ஏலம் முடிக்கும் குரலில், "மொதல்ல கீறத திருப்பி போடு. சவுண்டு வெச்சு போடு."

வைத்தேன். பக்கத்துப் போட்டுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் பெட்டிகளைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வந்து நின்றார்கள். மூன்றாவது முறை முடியும்போது பெட்டிகளுக்கு அடியில் ஐஸ் உருகி ஓடத் தொடங்கியிருந்தது. யாரும் அவசரப்படவில்லை.