புளிப்பில் பொங்கிய ஜாடி

கொடைக்கானல் கடைத்தெருவில் என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, ஒரு மளிகைக் கடை. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்து மூலையில் தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகை. என் எட்டாவது வயதில், ஒரு மழைக்காலம் தொடங்கி உறைபனி விழும் நாள் வரை, எங்கள் வீட்டுக் கவலை முழுவதும் இந்தச் சிறிய இடத்துக்குள் ஒரு பீங்கான் ஜாடியைச் சுற்றியே நடந்தது.

அதற்கு முன் மாமுவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. ஏரியில் படகு தள்ளிக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாத நாட்களில் என்னை ஒரு ஓட்டைப் படகில் ஏற்றிச் சுற்றுவார். அடியில் நீர் கசிந்துகொண்டே இருக்கும். கையில் ஒரு பால் டப்பாவைக் கொடுத்து, "நீ எறச்சுக்கிட்டே இரு புள்ள. எறைக்கிற வரைக்கும் நாம முங்க மாட்டோம்" என்பார். அக்கரை வரும்வரை தலை நிமிராமல் இறைப்பேன். இறங்கியதும், "கப்பலையே காப்பாத்திட்டா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மாமு குடிப்பார் என்பது எனக்குத் தெரியாது. மதுவிலக்கு இருந்த காலம். அடுக்கம் பாதையில் சாராயம் காய்ச்சியவர்களோடு பிடிபட்டு, சில வாரங்கள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். அத்தா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "என் வாசப்படியை அவன் மிதிக்கக் கூடாது."

மாமு பண்ணைக்காட்டுக்கு இறங்கிப் போய் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். குடியை விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். "எல்லாரும் சொல்றதுதான்" என்றார் அத்தா. அதன் பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் முதல் நாள், மாமு ஒரு கூடை மலைவாழைப்பழத்தோடு பஸ்ஸில் வருவார். பின்சந்து வழியாக வந்து, கொட்டகை ஓரமாக நின்று, அம்மாவிடம் கூடையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து அத்தாவுக்குக் கடையில் தலை நிமிர முடியாத சோலி இருக்கும். மறுநாள் பழத்தை மட்டும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் சாப்பிடுவார். தம்பியை ஒரு பெருநாளாவது வீட்டுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அந்தக் காலத்தில் வேறு ஆசை இருந்ததாக நினைவில்லை.

அந்த வருடம் பிளம்ஸ் பழுத்த சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. சீசனுக்கு வந்தவர்கள் சீக்கிரமே மலை இறங்கிவிட்டார்கள். கடையில் கூடை கூடையாகப் பழம் தேங்கிவிட்டது. ஒரு பங்களாவில் சமைக்கும் பட்லர் அத்தாவுக்கு யோசனை சொன்னார். "நசுக்கி ஜாடியில போடுங்க பாய். துணியைக் கட்டுங்க. மறந்துருங்க. தை மாசம் தொறந்தா வினிகர்." நடுவில் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. கொஞ்சம் பழைய வினிகர் மட்டும் இரண்டு புட்டிகளில் கொடுத்தார்.

பழங்களின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் உள்ளே கறுஞ்சிவப்பு. கழுவட்டுமா என்று கேட்டேன். "ரெண்டு வாரமா மழை கழுவாததையா நீ கழுவப் போற?" என்றாள் அம்மா. நசுக்கிய சாற்றை ஒரு சொட்டு நக்கினேன். பல் கூசி, காது மடல் வரை இழுத்தது. மழையில் ஊறிய மலைப் பழத்துக்கு அவ்வளவு புளிப்பு. அதன் தலையில் ஒரு புட்டிப் பழைய வினிகரையும் ஊற்றி, துணி கட்டி, அடுப்பங்கரை மூலையில் ஜாடியை வைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில், அடுப்பங்கரையில் யாரோ இரகசியம் பேசுவது போலச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. ஜாடியிலிருந்து வந்தது. காதை வைத்தேன். மணலில் மழை விழுவது போல ஓயாத இரைச்சல். துணியை நீக்கினேன். இளஞ்சிவப்பு நுரை விளிம்பு வரை ஏறியிருந்தது. பழத்தோல்கள் தாமாகவே மேலே வந்தன, புரண்டன, உள்ளே போயின. யாரும் தீ மூட்டவில்லை. அந்தக் குளிரில் ஜாடியின் வயிற்றைத் தொட்டால் லேசாகச் சுட்டது, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல.

அம்மாவை எழுப்பினேன். அவள் நுரையைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இது வேற மாதிரி பொங்குதுடி. அத்தா மோந்தாருன்னா அம்புட்டுத்தான்." ஊறுகாய் ஏன் கெடுவதில்லை, புளிப்பில் எந்த உயிரும் தங்காது என்பதால்தானே என்பது அவள் கணக்கு. இன்னொரு புட்டி வினிகரும் உள்ளே போனது. இரைச்சல் அடங்கிவிட்டது. அம்மா வென்ற முகத்தோடு துணியைக் கட்டினாள்.

சில நாட்கள் கழித்து, மறுபடியும் அதே இரகசியப் பேச்சு. முன்னைவிட மெதுவாக, ஆனால் நிற்காமல். அம்மாவும் நானும் ஜாடியின் இரு பக்கமும் காதை வைத்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "இம்புட்டுப் புளிப்புக்குள்ள எதுடி உசுரோட இருக்கு?" என்று அவள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பயமும் இருந்தது. ஆனால் பயத்தைவிட மரியாதை அதிகம்.

கல்லூரியில் படித்த என் மகள்தான் பல வருடம் கழித்து அதற்குப் பதில் சொன்னாள். பழத்தோலிலும் தோட்டத்துக் காற்றிலும் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் குடியிருக்குமாம். நாம் கொண்டுவந்து போட வேண்டியதில்லை, பழத்தோடு அதுவே வந்துவிடுமாம். மற்ற பல கிருமிகளை விரட்டும் புளிப்பு அதைச் சுலபத்தில் விரட்டாது. புளிப்பு உள்ளே கசியக் கசிய, அந்தத் துளி உயிர் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்குமாம். எனக்கு உடனே பால் டப்பா ஞாபகம் வந்தது. ஒரு ஜாடிக்குள் அத்தனை ஓட்டைப் படகுகள், அத்தனை பேர் தலை நிமிராமல் இறைத்துக்கொண்டு!

இதெல்லாம் தெரியாத அத்தா, அன்று மத்தியானம் சாப்பிட வந்து வாசலிலேயே நின்றார். மூக்கு விடைத்தது.

"கள்ளு வாடை. உன் தம்பி வந்தானா?"

"அவன் எதுக்கு வரப் போறான்? ஜாடிங்க."

அத்தா துணியை விலக்கிப் பார்த்து மூன்றடி பின்வாங்கினார். "தொழுகிற வீட்டுல இது கெடக்கலாமா? வெரசாக் கொண்டுபோயி ஓடையில ஊத்து."

எதிர்த்துப் பேசியே அறியாத அம்மா ஜாடிக்கு முன்னால் போய் நின்றாள். "இது பாதி வழியிலதான் நிக்குது. இன்னும் ஊர் வந்து சேரலைங்க. அவன் ஒருத்தனை வெளிய நிறுத்துனது பத்தாதா?"

"அவனும் திருந்த மாட்டான், இதுவும் ஆகாது."

"ஆயிருச்சுன்னா?"

அத்தா சாப்பிடாமலே பள்ளிவாசலுக்குப் போய் இமாம் அசரத்திடம் கேட்டுவந்தார். வினிகராக மாறிவிட்டால் சாப்பிடக் கூடும், மாறும்வரை கூடாது, வாயில் வைக்காமல் பொறுத்துப் பாருங்கள் என்றாராம். பொறுப்பது என்று முடிவானது, ஆனால் வீட்டுக்குள் இல்லை. அத்தா வேட்டியை மடித்துக் கட்டி, தளும்பும் ஜாடியைத் தனியாளாக மார்போடு அணைத்துத் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பக்கத்துத் தையல்கடைக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன பாய், மச்சினன் ஜெயிலைப் பார்த்தது பத்தாதா, நீங்களும் பார்க்கணுமா?" என்றார். அத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வெள்ளனே விறகெடுக்கப் போன நான் கொட்டகை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்து வந்த அத்தா, தொப்பிகூடக் கழற்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஜாடியில் காதை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இருமினார். "இன்னும் சாகலை புள்ள" என்றார். வைவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் நல்ல சேதி சொல்லும்போது வரும் குரல் அது. பிறகு பல விடியல்களில் அவர் செருப்பு கொட்டகைக்கு வெளியே கிடந்தது.

ஐப்பசி மழையில் ஜாடி மௌனமானது. செத்துவிட்டது என்று நான் அழுதேன். "சோலி முடிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. மெல்ல மெல்லக் கள்ளு வாடை போய் வினிகர் வாடை வந்தது. புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்த நாட்களில் நோன்பு மாதமும் வந்தது. பெருநாள் நெருங்கிய ஒரு மாலை, நோன்பு திறந்த பிறகு, அத்தா ஒரு கரண்டியில் எடுத்து முகர்ந்தார். ஒரு தரமல்ல, திரும்பத் திரும்ப முகர்ந்தார். "பிஸ்மி" சொல்லி நாக்கில் விட்டார். கண்ணை இறுக மூடி, தோளைக் குலுக்கினார்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூடும்" என்றார் அத்தா.

மறுநாள் காலை சக்கையை வடிகட்டிக் கடைக்குப் புட்டிகளில் நிரப்பினார்கள். ஜாடியில் பாதிதான் மிஞ்சியது. அன்று பிற்பகல், கூடையோடு மாமு கொட்டகை ஓரமாக வந்து நின்றார். அம்மா கையை நீட்டியபோது, கடையில் இருக்க வேண்டிய அத்தா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமு கூடையைத் தரையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"சும்மாதான நிக்கிற? ஒரு கை பிடி. இந்த ஜாடி உள்ள போகணும். எனக்கு இடுப்பு பிடிச்சுக் கெடக்கு."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அத்தா பின்னோக்கி நடந்து வாசப்படியைத் தாண்டினார். மாமு படிக்கு வெளியே நின்றுவிட்டார்.

"என்ன நிக்கிற? கையை விட்டுறாத. கனமாருக்குல்ல? உள்ள வா."

மாமு உள்ளே வந்தார்.

நாலு பேர் முன்னால் வாயே திறக்காத எனக்கு அன்று என்ன தைரியம் வந்ததோ. "அத்தா, அது பாதிதான இருக்கு? ரொம்பி இருந்தப்பவே நீங்க ஒத்தையாத்தான தூக்குனீங்க?" என்றேன்.

அம்மாவின் உள்ளங்கை என் வாயை இறுக மூடியது. வினிகர் வாடையடித்தது. சரியாகத்தானே சொன்னேன், பிறகு ஏன் வாயைப் பொத்துகிறாள் என்று, மாமு எங்களோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்ட அந்தப் பெருநாள் முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.