பனமலைக்கு வைத்த கடைசிப் படம்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என் பெட்டிக் கேமராவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பட்டன் இறங்க மறுக்கிறது. லென்ஸ் சிக்கிக்கொண்டது என்று முடிவே கட்டிவிட்டேன். ஃபிலிம் சுருளில் மிச்சம் ஒரே படம். பனமலைக் கோயிலுக்கென்று வைத்தது. லென்ஸைத் திருகுகிறேன், ஊதுகிறேன், கெஞ்சுகிறேன். பழைய ஸ்கூட்டரைப் போலச் சாய்த்தும் பார்க்கிறேன்.

பக்கத்தில் கூடை வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அம்மா எட்டிப் பார்க்கிறார்.

"இன்னா சார், அரை மணியா அத்தோட பேஜாரு பண்ணிக்கினு இருக்கீங்க? பின்னாடி ஒரு தகடு நீட்டிக்கினு இருக்குதே, அது இன்னாத்துக்கு?"

ஃபிலிமில் வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடு. அதை உருவாமல் பட்டன் இறங்காது. இது எனக்கு இருபது வருடமாகத் தெரியும்.

உருவுகிறேன். சரியாகிவிட்டதா என்று ஒரு அமுக்கு அமுக்கிப் பார்க்கிறேன். டப்!

"வேலை செய்யுதா சார்?"

"நல்லாவே செய்யுதும்மா."

பனமலைக்கு வைத்திருந்த படத்தில் இப்போது அவருடைய மல்லாட்டைக் கூடை இருக்கிறது.