நீர்ப்பல்லிக்கு நான் எழுதிய பழைய பெயர்

ரவாங் டவுனில் ஒரு வண்ண மீன் கடையில் இறக்குமதி பெர்மிட் எழுதுவது என் வேலை. வெளிநாட்டிலிருந்து மீன் வரும், ஆமை வரும். ஒரு முறை ஐரோப்பாவிலிருந்து பன்னிரண்டு நீர்ப்பல்லிகள் வந்தன. முதுகு சாம்பல் நீலம், வயிறு கேரட் நிறம். குளிர்மலைப் பிராணி, நம் வெயில் அதற்கு எமன்.

பெர்மிட் பாரத்தில் அறிவியல் பெயர் கேட்டிருந்தார்கள். பழைய ஃபைலைப் பார்த்து ‘டிரைட்டூரஸ் அல்பெஸ்ட்ரிஸ்’ என்று எழுதினேன். அந்தப் பெயர் மாறிவிட்டது எனக்குத் தெரியும். மாறினால் என்ன? பத்தாங் காலியில் நாங்கள் இருந்த எஸ்டேட்டை உடைத்துத் தாமான் வீடுகள் கட்டி எத்தனையோ வருடம் ஆயிற்று. அம்மா இன்னமும் டாக்சிக்காரரிடம் ‘ரெண்டாம் டிவிஷன்’ என்று பழைய எஸ்டேட் பெயரைத்தான் சொல்வார். டாக்சியும் ஒழுங்காக வந்து நிற்கும்.

நீர்ப்பல்லி வந்த அன்று காலை பதினொரு மணிக்கு, பெட்டியை எடுக்கப் போன லோரி டிரைவர் அண்ணன் ஏர்போர்ட்டிலிருந்து போன் செய்தார்.

“தங்கச்சி, விடமாட்டேங்கிறாங்க லா. உன் பேப்பர்ல ஒரு பேரு, அங்கேருந்து வந்த சர்டிபிகேட்ல வேற பேரு. ஐஸ் கரையுது.”

“ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லுங்கண்ணே!”

“சொல்லாம இருப்பேனா? எழுத்துல காட்டுன்னுட்டாரு ஆபீசர்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆபீசரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தேடினேன். அட, என்ன ஜாதகம் அது! இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் ஆஸ்திரியாக்காரர் ஒருவர், பெண் ஒரு பிராணி, ஆண் வேறு பிராணி, குஞ்சு மூன்றாவது பிராணி என்று நினைத்து மூன்று பெயர் வைத்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் மற்ற நீர்ப்பல்லிகளோடு சேர்த்து டிரைட்டூரஸ் ஆக்கினார்கள். மரபணுவைப் பார்த்ததும், இது தனி வகை என்று பிரித்து மெசோட்ரைட்டான் என்றார்கள். அதற்கும் முன்பே குஞ்சுக்கு வேறு யாரோ இக்தியோசௌரா என்று ஒரு குலப்பெயர் வைத்திருந்தது தெரியவந்தது. முந்தி வைத்த பெயருக்கே உரிமை என்பது அவர்கள் விதி. கடைசியில் குஞ்சின் பெயரே குலத்துக்கு நின்றுவிட்டது.

எல்லாவற்றையும் திரட்டி அனுப்பினேன். ஆபீசர் பொறுமையாகப் படித்திருக்கிறார். பாரத்தைத் திருத்தி அனுப்பச் சொன்னார், பெட்டியை விட்டார். கடைக்கு வந்து சேர மணி நாலாகிவிட்டது.

மூடியைத் திறந்தோம். ஐந்து செத்துக் கிடந்தன. வயிறு வெளுத்திருந்தது. எனக்கு அழுகை வந்தது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். “என்னாச்சு?”

“ஏர்போர்ட்ல லேட் பண்ணிட்டாங்க முதலாளி,” என்றார் அண்ணன், எனக்காக.

“இவனுங்களை சும்மா விடக்கூடாது. அந்த ஆபீசர் பேரு என்ன? இன்னிக்கே மேலிடத்துக்கு எழுதுறேன். நீ டைப் பண்ணும்மா.”

நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ‘ஐயா’ என்று அடித்தேன். அதை அழித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினேன்.

“அவரு மேல தப்பில்ல முதலாளி. புதுப் பேரு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பழசை எழுதினேன்.”