சிப்பியில் இருந்த மூக்கு

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிப்பி வில்லை. அதில் பக்கவாட்டில் திரும்பிய ஒரு வெள்ளைக்காரியின் முகம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருந்தது. பழைய கிரேக்கச் சிலைகளில் இருப்பதுபோல் உயர்த்திக் கட்டிய கொண்டை, நேரான மூக்கு, தோளில் மடிப்பு மடிப்பாக விழும் துணி, சுற்றிலும் பித்தளைச் சட்டம். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது டீச்சரின் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

டீச்சர் என்றால் எனக்குப் பாடம் எடுத்தவர் அல்ல. எழுபதுகளில் நான் நாகர்கோவிலிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் டைப்பிஸ்டாக இருந்தபோது, தம்பானூருக்குப் பக்கத்தில் எனக்கு அறை கொடுத்திருந்த வீட்டுக்காரர். விதவை. ஒரே மகளை இருபது வயதில் மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. பிறகு டீச்சரின் பார்வையும் போயிற்று. சுவரில் மகளின் போட்டோ இருந்தது. கண் தெரியாதவருக்குப் போட்டோ வெறும் கண்ணாடிதான். சிப்பி முகத்தை மட்டும் விரலால் பார்க்கலாம். தினமும் மாலையில் நெற்றியில் தொடங்கி மோவாய் வரை தடவுவார்.

"எனக்க மோளுக்க மூக்காக்கும் இது, கேட்டியா மக்களே."

போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். அதே மூக்குதான்.

எங்கள் ஊரில் பித்தளையைக் கண்டால் கை தானாகப் புளியைத் தேடும். கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்தது, சட்டத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. டீச்சருக்கு நல்லது செய்கிற நினைப்பில், பாத்திரங்களோடு அதையும் புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். சாயங்காலம் வந்து சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்தேன். சட்டம் பளபளத்தது. சிப்பி சுண்ணாம்பாக வெளுத்து, மூக்கு மழுங்கி, உதடு எங்கே என்றே தெரியவில்லை. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிற ஊரில் பிறந்தவள் நான். புளிப்பு பட்டால் அது என்ன ஆகும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லாமல் போயிற்று.

டீச்சர் கை நீட்டினார். கொடுத்தேன். விரல் நெற்றியில் தொடங்கி, பாதியில் நின்று, மறுபடி நெற்றிக்கே போயிற்று.

"இது வேறயா மக்களே?"

"அதேதான் டீச்சர். சட்டத்தத் துடச்சேன், அவ்வளவுதான்."

"முகத்துக்கு ஒண்ணும் ஆவல்லியே?"

"ஒண்ணும் ஆவல்ல. முந்தி இருந்தது மாதிரியேதான் இருக்கு."

உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், மிஞ்சிப் போனால் அறையைக் காலி செய்யச் சொல்லியிருப்பார். அதற்குப் பயந்தேன். இந்த வயதிலும் அந்தக் கோழையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

டீச்சர் விரல் நுனிகளை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்போ எனக்க விரலுதான் அவள மறந்து போச்சு" என்றார்.

வில்லையை என்னிடமே திருப்பித் தந்தார். அதன்பின் இரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். ஒரு நாள்கூட அதைக் கேட்கவில்லை.