கூடத்தில் விளைந்த உப்பு

போன வருஷம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். மரக்காணத்தில் எங்களுக்கு உப்பளம் இருக்கிறது. வெயிலைப் பார்த்து ஊரே திட்டும். நாங்கள் மட்டும் உள்ளுக்குள் சிரிப்போம். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனை ஒரு விரல் நீள மீன் அழவைத்த கதை இது.

மீன் என் மனைவியுடையது. கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், பவளப்பாறை மாதிரி அடுக்கிய கற்கள், அடியில் மணல். அதில் ‘ராஸ்’ என்கிற கடல் மீன். பச்சை உடம்பில் ரோஸ் கோடுகள். கல்யாணப் பட்டு தோற்றுவிடும். சரியான சாது. கூட இருக்கும் குட்டி மீன்களை ஒருமுறைகூட விரட்டியதில்லை. சமைத்துக்கொண்டே ‘தங்கம், தங்கம்’ என்று அதோடு பேசுவாள் மனைவி. என்னோடு பேசுவதைவிட அதிகமாக, மரியாதையாகவும்.

தங்கைக்குப் பிரசவம் என்று அவள் பொம்மையார்பாளையம் கிளம்பினாள். தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டாள்.

"தண்ணி இறங்குச்சின்னா இந்தக் கோடு வரைக்கும் ஊத்துங்க. நான் வரும்போது தங்கம் இருக்கணும்."

"நான்?"

"நீங்களும் இருந்தா சந்தோஷம்தான்."

தொட்டிக்குப் பக்கத்தில் கேன் தண்ணீர் வரிசையாக நின்றது. வெயிலுக்கு நான் குடிக்கத்தான் வாங்கி வைத்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோய்க் குடித்தேன். தொட்டித் தண்ணீர் தினமும் இறங்கியது. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே? கடல் வரை போகச் சோம்பல்பட்டு, உப்பள வாய்க்காலிலேயே ஒரு குடம் மொண்டுவந்து, கோடு பிசகாமல் ஊற்றினேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து, ‘அட, நம்ம வீட்டுக்குள்ளயும் விளையுதே’ என்று பெருமை வேறு.

ஒரு நாள் காலையில் மீன் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஆளே இல்லை. கல் இடுக்கு, தொட்டிக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில் என்று எல்லா இடமும் தேடினேன். பக்கத்து வீட்டுப் பூனையைப் பிடித்து வாயைக்கூட முகர்ந்து பார்த்தேன். அதற்குப் பரிசாகக் கையில் ஒரு கீறல்.

வேறு வழியில்லாமல் போன் போட்டேன்.

"எந்தத் தண்ணிங்க ஊத்துனீங்க?"

சொன்னேன். பிறந்த குழந்தை அழுகிற சத்தத்தையும் மீறி அவள் குரல் வந்தது.

"ஏங்க, தண்ணி ஆவியாப் போவும், உப்பு அங்கயே நிக்கும். இதை வெச்சித்தான நாம சோறு தின்றோம்? கேன் தண்ணி எதுக்கு வெச்சேன்? கூடத்துல பாத்தி கட்டி, என் தங்கத்த உயிரோட கருவாடு போட்டுட்டீங்களே!"

பிறகு அவள் குரல் இறங்கியது. "பயந்தா அது மணலுக்குள்ள பூந்துக்கும். தோண்டிடாதீங்க. இருக்கிற தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு, கேன் தண்ணிய டம்ளர் டம்ளரா ஊத்துங்க. ஒரேடியா ஊத்துனா அதுவே கொன்னுடும்." கடைசியில், "இருக்குமாங்க?" என்றாள். என்னைப் போய்க் கேட்டாள், பாவம்.

கேன்களை நான் குடித்துத் தீர்த்திருந்தேன். ஓடிப்போய் வாங்கிவந்தேன். உப்பளத்தில் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று தினமும் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயையும் எடுத்துவந்து தொட்டியில் மிதக்கவிட்டேன். உப்பு, கடல் தண்ணீரின் அளவை எப்போதோ தாண்டியிருந்தது! அன்று முழுக்க டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். மணல் அசையவே இல்லை. ஊருக்கே உப்பு கொடுக்கிறவன், வாழ்க்கையில் முதல்முறையாக உப்பு குறையணும் என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை, ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தது. ஒரு மூலையில் மணல் லேசாக நடுங்கியது. முதலில் ஒரு வாய், அப்புறம் ஒரு கண், அப்புறம் அந்த ரோஸ் கோடு. ஒன்றுமே நடக்காத மாதிரி உடம்பை உதறிக்கொண்டு வெளியே வந்து ஒரு சுற்று சுற்றியது. நான் போட்ட கூச்சலில் பூனை மதில் தாண்டி ஓடிவிட்டது. போனில் மீனைக் காட்டினேன். மனைவி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான், "நீங்க சாப்டீங்களா?" என்றாள். ஆக, நானும் பிழைத்தேன்.

இன்றைக்கும் என் கையில் குடத்தைப் பார்த்தால் அந்த மீன் மணலுக்குள் புகுந்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. உப்பளத்தில் தெரிந்ததையெல்லாம் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற ஆளாக இருந்தேன். இப்போதுதான் செருப்பை மட்டும் கழற்றிவிடப் பழகிக்கொண்டிருக்கிறேன்.